டயாலிசிஸில் இருக்கும் கணவருக்குத் தொப்பை: ஹார்மோன்தான் காரணமா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு 49 வயது, நீண்ட நாள் சர்க்கரை. 16 மாதமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். உயரம் 168 சென்டிமீட்டர். டயாலிசிஸ் முடிந்து இறங்கும்போது எடை 78 கிலோ. முதல் மாதத்திலிருந்து அந்த எண் அசையவில்லை. ஆனால் 36 அளவு பேண்ட் 40 ஆகிவிட்டது, சட்டைக் கை மட்டும் தொளதொள என்று தொங்குகிறது. "சாப்பாடே இறங்கவில்லை, வயிறு மட்டும் எப்படி வளருகிறது?" என்று கேட்கிறார். யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு லேபில் ஹார்மோன் பேக்கேஜ் எடுத்திருக்கிறார்கள். லெப்டின் எல்லையைப் போல ஐந்து மடங்கு, புரோலாக்டின் கொஞ்சம் அதிகம், டெஸ்டோஸ்டிரோன் குறைவு. இன்சுலின் 44 யூனிட்டிலிருந்து 16-க்கு வந்துவிட்டது, மூன்று மாதச் சர்க்கரை 5.9. கிரியேட்டினின் 11.2-லிருந்து 7.4-க்கு இறங்கியதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் 3.2.

மாமியார், "உடம்புல சதை இருந்தாத்தான் சீக்கு தாங்கும், அவனை மெலிய வைக்காதே" என்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரர் எடை குறைக்கும் பவுடர் டப்பா ஒன்றைக் கொடுத்து, காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் அதைக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். இவரே கணவருக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்க நினைக்கிறார். அதற்குள் தொப்பையைக் குறைக்க வேண்டுமே என்ற கவலை. ஹார்மோனைச் சரிசெய்ய ஊசி உண்டா, பவுடரைக் கொடுக்கலாமா, மாமியார் சொல்வது சரியா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

சகோதரி, பேண்ட் அளவையும் சட்டைக் கையையும் கவனித்து எழுதினீர்கள் பாருங்கள், அந்த இரண்டு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான பரிசோதனை முடிவு. லேப் கொடுத்த தாளைவிட அது எனக்கு அதிகம் சொல்கிறது. உங்கள் கணவருக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது, உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், அவருக்குத் தசை கரைந்துகொண்டிருக்கிறது. எடை மாறாததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

லெப்டின் ஏன் ஏறியது?

லெப்டினை 1994-இல்தான் கண்டுபிடித்தார்கள். கொழுப்புச் செல்கள் மூளைக்கு அனுப்பும் செய்தி அது: 'சேமிப்பு போதும், பசியைக் குறை' என்பது அதன் சாரம். வேலை முடிந்த லெப்டினை ரத்தத்திலிருந்து வடித்துச் சிதைப்பதில் பெரும்பங்கு சிறுநீரகத்துடையது. சிறுநீரகம் நின்றுபோனால் லெப்டின் தேங்கும். நாஞ்சில் நாட்டில் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். மறுகால் அடைபட்டால் மழை கூடாமலேயே குளத்தில் தண்ணீர் ஏறும். தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்து 'இந்த வருஷம் நல்ல மழை' என்று யாரும் சொல்ல மாட்டோம் இல்லையா? அதேபோல, லெப்டின் ஐந்து மடங்கு என்பதால் கொழுப்பும் ஐந்து மடங்கு என்று அர்த்தம் ஆகாது. லேபில் அச்சடித்திருக்கும் எல்லை, சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்கானது.

சாதாரண டயாலிசிஸ் வடிகட்டியில் லெப்டின் வெளியேறுவதும் குறைவுதான். துளை பெரிதான ஹை-ஃப்ளக்ஸ் வடிகட்டியில் கொஞ்சம் போகும். மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கினால் தானே இறங்கிவிடும். லெப்டினை மட்டும் இறக்குவதற்கென்று ஊசியோ மாத்திரையோ கிடையாது, தேவையும் இல்லை. அடுத்த முறை அந்தப் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள்.

தேங்குவது லெப்டின் மட்டுமல்ல. கொழுப்பிலிருந்தே வரும் அடிப்போனெக்டின் என்று இன்னொன்று. சாதாரணமாகத் தொப்பை கூடினால் அது குறையும். சிறுநீரகச் செயலிழப்பில் அதுவும் ஏறிக் கிடக்கும். வயிற்றிலிருந்து வரும் கிரெலின் பசியைத் தூண்டும் ஹார்மோன். இவர்களுக்கு அதன் மொத்த அளவு கூடுதலாக இருந்தாலும், பசியைத் தூண்டாத வடிவம்தான் அதில் பெரும்பங்கு. பசிக்கு எதிரானது தேங்கி, பசியைத் தூண்டுவது வலுவிழந்து, கூடவே யூரியாவால் வாய்க் கசப்பும் சேர்ந்தால் சாப்பாடு எப்படி இறங்கும்? அவர் வேண்டுமென்று அடம்பிடிக்கவில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அப்படியென்றால் வயிறு ஏன் வளர்கிறது? பசி குறைந்தவர் கறியையும் மீனையும்தான் முதலில் ஒதுக்குவார்; கஞ்சி, பிஸ்கட், டீ இறங்கிவிடும். கடையில் எட்டு மணி நேரம் நின்றவர் இப்போது கட்டிலில். சிறுநீரகம் பழுதான உடம்பில் இன்சுலினைத் தசை சரியாக ஏற்காது. உள்ளுக்குள் நீறு பூத்த நெருப்பாக ஓர் அழற்சியும், ரத்தத்தில் அமிலமும் இருக்கும். இவையெல்லாம் சேர்ந்து தசையைக் கரைக்கின்றன, கொழுப்பை வயிற்றுக்குள் குடல்களைச் சுற்றிச் சேர்க்கின்றன. கை கால் மெலிந்து வயிறு பெருப்பது இப்படித்தான்.

சர்க்கரை குறைந்தது, கிரியேட்டினின் இறங்கியது: இரண்டும் நல்ல செய்தியா?

சந்தோஷத்தைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. இன்சுலினும் சிறுநீரகத்தில் அழியும் ஹார்மோன்தான். சிறுநீரகம் நின்றதும், போட்ட ஊசி உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. அதனால்தான் 44 யூனிட் 16 ஆனது. சர்க்கரை நோய் விட்டுப்போகவில்லை. சரியாகச் சாப்பிடாத நாளில் அந்த 16 யூனிட்டே நடுராத்திரி சர்க்கரையை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். 5.9 என்ற மூன்று மாதச் சர்க்கரையையும் அப்படியே நம்பாதீர்கள். டயாலிசிஸில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு. ரத்தம் ஊற எரித்ரோபாய்ட்டின் ஊசியும் போடுவார்கள். புதிய அணுக்களில் சர்க்கரை ஒட்ட நேரம் போதாது என்பதால் அந்த எண் பொய்யாகக் குறைவாக வரும். குளுக்கோமீட்டரில் விரல் நுனிப் பரிசோதனை செய்து தாளில் எழுதி வைப்பதே நம்பகமானது.

கிரியேட்டினின் விஷயம் இன்னும் நுட்பமானது. டயாலிசிஸுக்கு முந்தைய காலத்தில் அது இறங்கினால் நல்லது என்று பழகிவிட்டோம். ஆனால் கிரியேட்டினின் பிறக்கும் இடமே தசை. டயாலிசிஸின் நேரமும் தரமும் மாறாமல், சிறுநீர் அளவும் கூடாமல், 11.2 என்பது 7.4 ஆனால் முதலில் எழ வேண்டிய சந்தேகம், 'தசை போகிறதோ?' என்பதுதான். ஆல்புமின் 3.2, சட்டைக் கை தொளதொளப்பு இரண்டும் அதையே சொல்கின்றன.

எடை ஏன் மாறவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தசை குறைந்தது, அந்த இடத்தில் கொழுப்பும் தண்ணீரும் ஏறின. டயாலிசிஸ் யூனிட்டில் 78 என்று ஒரு இலக்கு எடை எழுதி வைத்திருப்பார்கள், 'டிரை வெயிட்' என்பார்கள். தசை மூன்று கிலோ போயிருந்தால் அந்த இலக்கும் இறங்கியிருக்க வேண்டும். இறக்காமல் விட்டால் மிச்சம் தண்ணீராக நிற்கும். பிரஷர் ஏறும், படுத்தால் மூச்சு முட்டும். பல வருடம் முன்பு என்னிடம் வந்த ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி ஒருவர் ஞாபகம் வருகிறார். எட்டு மாதமாக ஒரே எடை. நானும் சார்ட்டைப் பார்த்து 'நல்லா இருக்கீங்க' என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி மூச்சுத் திணறி வந்து சேர்ந்தபோதுதான் பார்த்தேன், மணிக்கட்டில் கட்டிய வாட்ச் முழங்கை வரை வழுக்கிப் போனது. அன்றிலிருந்து எடை பார்ப்பதற்கு முன் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

மாமியார் சொல்வதில் பாதி சரி

டயாலிசிஸ் நோயாளிகளில் ஒல்லியானவர்களைவிடக் கொஞ்சம் பூசினாற்போல இருப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஊருக்கெல்லாம் குண்டு உடம்பு ஆபத்து என்றிருக்க, இவர்களுக்கு மட்டும் தலைகீழாக. காய்ச்சல், கிருமித்தொற்று, ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கை என்று வரும்போது சேமிப்பு உள்ளவர் தாங்குகிறார். தவிர, நோய் முற்றியவர்தானே மெலிகிறார். மெலிவே காரணமா, மெலிய வைத்த நோய் காரணமா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: தாங்குகிற சதை கையிலும் தொடையிலும் இருக்க வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு இதயத்தைத் தாக்குவது டயாலிசிஸிலும் மாறவில்லை. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் என்பது கணக்கு. பேண்ட் 40 என்றால் அதைத் தாண்டியாயிற்று. பி.எம்.ஐ. 27.6 வருகிறது. நம்மவர்களுக்கு அது கூடுதல்தான். ஆனாலும் இப்போதைக்கு எடையைக் குறைப்பது இலக்கு அல்ல. தசை ஏறி, இடுப்பு கொஞ்சம் இறங்கினால் போதும், தராசு அதே 78-ஐக் காட்டினாலும் நான் மகிழ்வேன்.

பவுடர், ஊசி, பட்டினி

அந்தப் பவுடரை மூடி வையுங்கள். சாப்பாட்டுக்குப் பதிலான இத்தகைய பவுடர்களில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கணிசமாக இருக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயம் நிற்கலாம். எடை குறைக்க என்று குடம்புளிச் சாற்றை மாத்திரையாக விற்கிறார்கள், ஈரலைப் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மீன் குழம்பில் இரண்டு சுளை போடுவது வேறு, அதையே செறிவாக்கி விழுங்குவது வேறு. கொழுப்பைக் கரைக்கும் என்று பிலிம்பிக்காயைச் சாறு பிழிந்து குடித்து, அதிலுள்ள ஆக்சலேட்டால் நல்ல சிறுநீரகத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் பக்கத்துக் கேரளத்தில் உண்டு. நட்சத்திரப் பழம் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்பது டயாலிசிஸில் இருக்கும் ஆண்களில் மிகச் சாதாரணம். ஊசி போடலாமா என்றால், எடுத்த எடுப்பில் வேண்டாம். காலையில் இன்னொரு முறை பரிசோதித்து, ஹார்மோன் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். அந்த ஊசி ரத்தத்தைக் கெட்டியாக்கும். எரித்ரோபாய்ட்டினும் போடும்போது குழாய்க்குள் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். புரோலாக்டினும் சிறுநீரகத்தில் வடிவதுதான், அதனால் கொஞ்சம் ஏறியிருக்கும். குமட்டலுக்கு டாம்பெரிடோன் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், அதுவும் புரோலாக்டினை ஏற்றும்.

செமக்ளூடைட் போன்ற எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். 2024-இல் வெளியான ஃப்ளோ ஆய்வில் சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அது நன்மை செய்தது. ஆனால் டயாலிசிஸில் இருப்பவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. ஏற்கெனவே பசியில்லாமல் தசை கரைபவருக்குப் பசியை இன்னும் அடக்கும் மருந்தை இப்போது நான் எழுத மாட்டேன். பட்டினிக்கும் இதே பதில்தான்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

உங்கள் கடிதத்தின் நாலாவது பக்கத்தில், "மீனும் முட்டையும் நிறுத்தி இரண்டரை வருடம் ஆகிறது, டாக்டர் சொன்னதுதான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொல்வது சரி. டயாலிசிஸ் தொடங்கியதும் அந்த விதி தலைகீழாகிறது. ஒவ்வொரு முறையும் வடிகட்டி வழியாகச் சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும்; அவருடைய உயரத்துக்கேற்ற எடையை வைத்து நான் நாளைக்கு 70 முதல் 80 கிராம் என்று வைப்பேன். பழைய உணவுச் சீட்டைக் கிழித்துப் போட யாரும் உங்களிடம் சொல்லவில்லை, அது உங்கள் தப்பும் இல்லை.

கணக்கு இப்படி வரும்: ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும் 13 கிராம். சுத்தம் செய்த மீன் 150 கிராம் என்றால் ஏறக்குறைய 28. இட்லி, சோறு, சப்பாத்தியில் இருபதுக்கு மேல் வந்துவிடும். ஒரு சின்னக் கிண்ணம் பயறு 6. எழுபதைத் தொட்டுவிட்டோம். சாளையும் நெத்தோலியும் நல்லவைதான், ஆனால் முள்ளோடு மென்று தின்றால் பாஸ்பரஸ் ஏறும். முள்ளை நீக்கிக் கொடுங்கள், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டு நடுவில் கொடுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து அல்ல. கருவாடு மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீரைக் கூட்டும்.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, சின்னத் துண்டாக வெட்டி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியம் குறையும். நம் ஊரில் அப்படித்தான் செய்கிறோம், ஆனாலும் அது முழுக்க மாவுச்சத்து. மீனுக்குத் தொடுகறியாக நாலு துண்டு போதும். மீனைத் தொடுகறியாக்கி மரச்சீனியை மலை போல வைக்கக் கூடாது. நேந்திரம், சக்கை (பலா), இளநீர் மூன்றும் பொட்டாசியம் நிறைந்தவை; யூனிட்டில் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

உணவு தசையாக வேண்டுமென்றால் தசைக்கு வேலை வேண்டும். கையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, காலையில் பத்து, மாலையில் பத்து. டயாலிசிஸ் இல்லாத நாளில் இருபது நிமிட நடை. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் பாரம் தூக்கவோ பிரஷர் பார்க்கவோ கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்திவிட வேண்டும்.

யூனிட்டில் கேட்க வேண்டியவை

* இலக்கு எடை 78 என்பதைத் திரும்பக் கணிக்கச் சொல்லுங்கள். தண்ணீரையும் தசையையும் பிரித்துக் காட்டும் கருவி சில யூனிட்டுகளில் உண்டு. இல்லாவிட்டால் கால் வீக்கம், பிரஷர், மார்பு எக்ஸ்ரே பார்த்தும் கணிக்கலாம்.
* ரத்தத்தில் பைகார்பனேட் எவ்வளவு? 22-க்குக் கீழே இருந்தால் அமிலம் தசையைத் தின்கிறது, அதைத் திருத்த முடியும்.
* நான்கு மணி நேரம் முழுதாக ஓடுகிறதா, அவரே அரை மணி முன்னால் எழுந்துவிடுகிறாரா? டயாலிசிஸ் போதாவிட்டால் பசி வராது.
* ஃபிஸ்டுலா இல்லாத கையின் மேற்பகுதிச் சுற்றளவை மாதம் ஒருமுறை டேப்பால் அளந்து எழுதச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களும் அளக்கலாம், இடுப்பையும் சேர்த்து.

வயிற்று வழி டயாலிசிஸுக்கு மாறலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். வீட்டிலேயே செய்யலாம் என்பது வசதிதான். ஆனால் அந்தத் திரவத்திலுள்ள குளுக்கோஸ் தினம் 100 கிராமுக்குமேல் உடம்பில் ஏறும். சர்க்கரையும் தொப்பையும் உள்ளவருக்கு நான் முதலில் சொல்ல மாட்டேன்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றி: 27.6 என்ற பி.எம்.ஐ.யைக் காரணம் காட்டி யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். பலமில்லாத உடம்புதான் அறுவைக்குப் பின் படுத்துவிடும். அதன் பிறகு ஸ்டீராய்டு மாத்திரையால் பசியும் எடையும் சர்க்கரையும் ஏறும். இப்போது கட்டும் தசை அப்போது கைகொடுக்கும். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி மனைவி நெருங்கிய உறவினர், எனவே நீங்கள் கொடுக்கத் தடையில்லை. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். ஆனால் உங்கள் எடை 74 என்றும், உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் முழுப் பரிசோதனை நடக்கும். ஒரு சிறுநீரகத்தோடு உங்கள் எதிர்காலம் எப்படி என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். தனியாக உட்காரவைத்து, 'உங்கள் இஷ்டப்படிதான் கொடுக்கிறீர்களா?' என்றும் கேட்பார்கள். அந்த அறையில் மாமியாரும் இருக்க மாட்டார், கணவரும் இருக்க மாட்டார். உள்ளதைச் சொல்லலாம், கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு.

அடுத்த டயாலிசிஸ் நாளில் அந்தப் பவுடர் டப்பாவையும், டயாலிசிஸுக்கு முன் எழுதிய பழைய உணவுச் சீட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். டப்பாவின் பின்பக்கத்தை டாக்டர் படிக்கட்டும், சீட்டைப் புதிதாக எழுதித் தரட்டும். புதுச் சீட்டை மாமியார் கையிலேயே கொடுங்கள். மகனுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுக்க இரண்டரை வருடமாகக் காத்திருப்பவர் அவர்; உப்பைப் பாதியாக்கு, தேங்காயைக் குறை என்று நீங்கள் சொன்னால் கோபிப்பார், டாக்டர் எழுதியிருந்தால் கேட்பார்.